மூன்று பேரில் நடுவில் நின்றவன்

போன மாதம் எங்கள் மாவட்டத்தில் கால்பந்து பயிற்சி கொடுப்பவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். இப்போது திண்டுக்கல் பக்கம் நிறைய அணிகள் பின்னால் மூன்றே பேரை நிறுத்தி ஆடத் தொடங்கியிருக்கின்றன. தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்படுகிறார்கள். ஆனால் மூவரில் நடுவே நிற்கும் ஆள் சரியாக அமையாமல் கோலாக வாங்குகிறார்கள். "நீங்க மில் டீமுல அப்பவே இப்படி ஆடுனவங்க. நடு ஸ்டாப்பருக்கு என்ன வேணும்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க சார்" என்று என்னைக் கேட்டார்கள்.

பேசினேன். உயரம் வேண்டும், தலையால் அடிக்கத் தெரிய வேண்டும், தைரியம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே உறுத்தியது. சொன்னதில் பாதி பொய். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சவரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்ல வார்த்தை பேச என் நாக்கு இன்னும் பழகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பா தக்காளி போட்டார், சில வருடம் மல்லிகை போட்டார். பள்ளிக்கூடத்தில் ஓடினேன், கல்லூரியில் பந்து ஆடினேன். படிப்பு முடிந்த கையோடு, கால்பந்து ஆடுகிறவன் என்பதற்காகவே திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு நூற்பாலையில் எடுத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணிக்கு நூற்புப் பிரிவில் வேலை, இரண்டு மணிக்கு விடுதலை, மூன்றரைக்கு மைதானம். விளையாட்டுக்காக எடுத்தவர்களுக்கு எப்போதும் காலை ஷிப்டுதான். ஆனால் எல்லோரும் தற்காலிகம். நன்றாக ஆடினால் ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்பது பேச்சு.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் தங்கராசு சார். ஆலையின் டைம் ஆபீஸில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் தாமதம் என்று பதிவதுதான் அவருடைய உத்தியோகம். மைதானத்துக்கு வந்ததும் பேண்ட்டின் அடியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, செருப்பைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஜோடியாகக் கழற்றி வைப்பார். வெறுங்காலோடுதான் நிற்பார். கழுத்தில் விசில் தொங்கும், அவர் ஊதி நான் பார்த்ததில்லை. மற்ற பயிற்சியாளர்களெல்லாம் கோபம் வந்தால் கத்துவார்கள். இவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். திட்டு வாங்குவதற்கு நாங்கள்தான் கிட்டே போய் நிற்க வேண்டும்.

ஆலையில் நூல் சுற்றும் காகிதக் கோன்களில் நசுங்கியவற்றை ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பார். மைதானத்தில் அடையாளம் வைக்க அவைதான். ஆட்டத்துக்கு மறுநாள் சாப்பாட்டு அறை மேசையில் அதே கோன்களை வைத்து விசாரணை நடக்கும். நாங்கள் கோல் வாங்கியிருந்தால், அந்தக் கோல் விழுந்தபோது நாம் எங்கே நின்றோமோ அங்கே அவரவர் கையால் அவரவர் கோனை வைக்க வேண்டும். அவர் கேட்கும் கேள்வி மூன்றுதான். "பந்து எங்க இருந்துச்சு? நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த? யாரு சத்தம் குடுத்தா?"

நான் சேர்ந்து மூன்றாவது வருடம், பின்னால் நால்வர் நின்றதை மூவராக்கினார். அன்று மண்ணில் மூன்று கோன் வைத்தார். நடுக் கோன் மட்டும் மற்ற இரண்டைவிட இரண்டு அடி பின்னால் இருந்தது. இடது பக்கம் நிற்க ஒருவனைச் சொன்னார். அதற்குள் நானே நடுக் கோனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தேன். அணியிலேயே நான்தான் உயரம். நான் எகிறி அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டும். சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டினால் மைதானத்தைச் சுற்றி நிற்பவர்கள் விசிலடிப்பார்கள்.

"நீ வலது பக்கம் அப்பு" என்றார் சார். "நடுவுல சவரி."

சவரிமுத்து என் காது உயரம். ஓட்டத்தில் எங்கள் எல்லோருக்கும் கடைசி. அந்த வருடம்தான் சேர்ந்திருந்தான். பேசவே கூச்சப்படுகிறவன். அவன் நடுக் கோனுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவனுக்கு வலது பக்கத்தில் நின்றேன். அவனை நான் கவனித்ததுபோல அவன் மனைவி லூர்துகூடக் கவனித்திருக்க மாட்டாள். ஒரு தப்பு செய்ய மாட்டானா, சாருக்குத் தெரியாதா என்று காத்திருந்தேன். நடு ஸ்டாப்பரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படிக் காத்திருந்து தெரிந்துகொண்டதுதான்.

முதலில் என்னை எரிச்சல்படுத்தியது அவனுடைய டவுசர். ஆட்டம் முடியும்போது எனக்கு இரண்டு முட்டியிலும் தோல் போயிருக்கும், சட்டை முழுக்கச் செம்மண். அவன் டவுசர் வெள்ளையாகவே இருக்கும். இவன் என்னதான் ஆடினான் என்று நினைப்பேன். நாள் போகப் போகத்தான் புரிந்தது. அவனுக்குச் சறுக்கும் தேவையே வரவில்லை. நாங்கள் பக்கத்தில் நிற்பவர்கள் விழுந்து புரண்டு தவறவிட்டால் பின்னால் இன்னொருவன் இருக்கிறான். நடுவில் நிற்பவன் விழுந்தால் பின்னால் கோல் காக்கும் கோலிதான். அதனால் எதிரி பந்தோடு வரும்போது அவன் பாயவே மாட்டான். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி, வருகிறவனை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டே போவான். அந்த இடைவெளியில் நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம். பந்தை நாங்கள் எடுப்போம். கைதட்டல் எங்களுக்கு.

அப்புறம் அவன் வாய். கூச்சப்படுகிறவன் என்றேன் அல்லவா, மைதானத்துக்குள் வந்தால் மூச்சுக்கு மூச்சு பேசுவான். எல்லாம் ஒற்றை வார்த்தை. "உள்ள." "விடு." "நில்லு." "ஏறு." நான் பந்தைத் தேடிப் போகிற ஆள். போகும்போது "போறேன்" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும் என்பது சார் வகுத்த முறை. நான் "போ..." என்று வாயெடுக்கும் முன்பே எனக்குப் பின்னால் விட்ட இடத்தில் அவன் வந்து நின்றிருப்பான். நான் பந்தைத் தவறவிட்டதே வெளியில் தெரியாது. என் தப்புகளை ஐந்து வருடம் அப்படி மூடினான். அதற்காகவும் அவன் மேல் ஆத்திரப்பட்டேன்.

நூற்புப் பிரிவிலும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசையாக நீண்டு கிடக்கும் இயந்திரங்களில் எங்கே இழை அறுந்தாலும் போய் ஒட்டிவிட வேண்டும், அதுதான் எங்கள் வேலை. நான் அறுந்த இடத்தைப் பார்த்து ஓடுவேன். அவன் ஓடியதில்லை. ஒரே நடையில் சுற்றி வருவான். அறுகிற நேரம் அவன் பக்கத்தில் இருப்பான். ஷிப்டு முடியும்போது என் பனியன் பிழிகிற மாதிரி இருக்கும். மேஸ்திரி அவனைப் பார்த்துத் தலையசைப்பார்.

அவனிடம் இல்லாதது ஒன்றுதான். தன் முதுகுப் பக்கம் பார்க்க அவனுக்குக் கண் கிடையாது. யாருக்கும் கிடையாது. பந்து இடது பக்கம் இருந்தால் நடு ஆள் அந்தப் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். அப்போது வலது பக்கமிருந்து யாராவது அவன் முதுகுக்குப் பின்னால் ஓடி வந்தால் அதை வலது ஸ்டாப்பர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு சார் ஒரு சொல் வைத்திருந்தார். "முதுகு!" அந்தச் சத்தம் கேட்டால் நடு ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு அடி பின்னால் போய்விட வேண்டும். ஐந்து வருடத்தில் அதை நூற்றுக்கணக்கான தடவை கத்தியிருப்பேன். ஒரு தடவைகூட அவன் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டதில்லை. என் குரலைக் கேட்டதும் பின்னால் போய்விடுவான்.

இனி அந்த ஆட்டம்.

ஆலைகளுக்கு இடையிலான கோப்பையில் அரையிறுதி. எதிரே மதுரையிலிருந்து வந்த அணி. மைதானம் நிறைய ஆட்கள், சின்னாளப்பட்டியிலிருந்துகூட நெசவுக்காரர்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். சென்னையில் ஒரு அரசுத் துறையின் அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. எடுத்தால் அரசு உத்தியோகம். முதல் பாதியில் நான் என் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடினேன். ஒருவன் கோலியையும் தாண்டிவிட்டான், காலி கோல், நான் எங்கிருந்தோ வந்து சறுக்கிப் பந்தைக் கோட்டில் வைத்து வெளியே தள்ளினேன். ஜனம் எழுந்து நின்று கத்தியது.

இடைவேளையில் குடத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் சாரிடம் வந்தார். எனக்கு ஏழெட்டு அடி தூரம்.  என்னைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த நடுவுல நிக்கிற பையன் யாரு சார்? ஒரு தடவகூட இடம் மாறி நிக்கலையே. மேட்ச் முடிஞ்சதும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க."

சார் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே அன்றுதான். மடித்த பேண்ட்டோடு நின்றுகொண்டு சிரித்தார். சவரி இரண்டு அடி தள்ளி அமர்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் குடத்துக்குள் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் மிச்சம். இருபக்கமும் கோல் இல்லை. பந்து எங்களுக்கு இடது ஓரத்தில் அவர்களுடைய ஆளிடம் இருந்தது. இடது ஸ்டாப்பர் அவனை மறித்துக்கொண்டிருந்தான். சவரி முறைப்படி அந்தப் பக்கம் திரும்பி நின்றான். நான் வலமிருந்து உள்ளே வந்து அவனுக்கு ஐந்தாறு அடி பக்கத்தில் நின்றேன். அப்போது நடுக்களத்திலிருந்து அவர்களில் ஒருவன், நீண்ட முடிக்காரன், ஓடி வந்தான். எனக்கும் சவரிக்கும் நடுவில், சவரியின் முதுகுக்குப் பின்னால். நான் பார்த்தேன். முழுதாகப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்ததுகூட நினைவிருக்கிறது. ஓரத்திலிருந்து பந்து கிளம்பியது.

வாய் வரைக்கும் வந்தது அந்தச் சொல். நான் சொல்லவில்லை.

பயந்து நின்றுவிட்டேன் என்றோ, மறந்துவிட்டேன் என்றோ இத்தனை வருடத்தில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் இல்லை. வேண்டுமென்றேதான் வாயை மூடினேன். பந்து சவரியின் தலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் போனது. அவன் இரண்டு அடி பின்னால் நின்றிருந்தால் நெற்றியில் பட்டிருக்கும். முடிக்காரன் தலையால் தட்டினான். கோல்.

ஜனம் முழுக்க சவரியைத் திட்டியது. "தூங்குறான் பாரு!" என்று ஒருவர் கத்தினார். ஆட்டம் அப்படியே முடிந்தது. சென்னைக்காரர் போகும்போது சாரிடம், "முதுகுல ஆள் வர்றது தெரியாம நிக்கிறவன கூட்டிட்டுப் போய் நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் விசாரணை. இடது ஸ்டாப்பர் தன் கோனை வைத்தான். சவரி வைத்தான். நான் என்னுடையதை நின்ற இடத்தில் வைக்கவில்லை. ஒரு சாண் வலது பக்கம் தள்ளி வைத்தேன். அங்கே நின்று வலது ஓரத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முடிக்காரன் கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சார் மேசையைப் பார்த்தார். என் கோனை எடுத்து, நான் உண்மையில் நின்ற இடத்தில் வைத்தார்.

குரல் எப்போதையும்விட இறங்கியிருந்தது. "நீ பாத்தியா அப்பு?"

"இல்ல சார்."

"சவரி, உனக்குச் சத்தம் வந்துச்சா?"

சவரி என்னைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மைதானத்துல ஒரே கூச்சல் சார். வந்துச்சா இல்லையான்னு தெரியல. நான் கவனிச்சிருக்கணும்."

சார் கோன்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். நிர்வாகத்திலிருந்து அவருக்கு அழுத்தம் இருந்தது, முதலாளி வீட்டு ஆட்களெல்லாம் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சவரியை வெளியே உட்காரவைத்தார். நடுவில் என்னை நிறுத்தினார். ஜெயித்தோம்.

அதற்குப் பின் சவரிக்குக் காலை ஷிப்டு போனது. வாரம் ஒரு ஷிப்டு என்று மாறிமாறிப் போட்டார்கள், பயிற்சிக்கு வர முடியவில்லை. அடுத்த வருடம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அவன் பெயர் பட்டியலில் இல்லை. சில மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு, லூர்துவின் அப்பாவுக்குச் சிறுமலையில் இருந்த வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். போகிற அன்று ஆலை வாசலில் என்னிடம் "வாரேன் மாப்ள" என்றான். சரி என்றேன்.

நான் ஆசைப்பட்ட இடம் எனக்குக் கிடைத்தது. நான்கு வருடம் நடுவில் நின்றேன். முதல் மாதத்திலேயே அந்த இடம் என்னுடையதில்லை என்று தெரிந்துவிட்டது. பந்தைப் பார்த்தால் எனக்குப் போக வேண்டும். போனால் பின்னால் காலி. போகாமல் நின்றால், வருகிறவன் என்னைத் தாண்டிவிடுவானோ என்று அவசரப்பட்டுக் காலை நீட்டிவிடுவேன். வலது பக்கம் புதிதாக வந்தவன் "முதுகு!" என்று கத்தினால் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் போவேன். இவன் உண்மையைச் சொல்கிறானா என்று. அந்த ஒரு திரும்பலில் நிறைய கோல் விழுந்தது. தான் ஓய்வு பெறும் நாளில் தங்கராசு சார் என்னைக் கூப்பிட்டு, "அவன் நின்ன இடத்துல நீ ஓடிக்கிட்டே இருக்க அப்பு" என்றார்.  சில வருடங்களில் அணியையே கலைத்துவிட்டார்கள். நான் மேஸ்திரியாகி, போன வருடம் ஓய்வு பெற்றேன்.

போன மாதக் கூட்டத்தில் நான் பேசி இறங்கியதும் ஒரு பெரியவர் கிட்டே வந்தார். எங்கள் ஆட்டமெல்லாம் பார்த்தவராம். "எல்லாம் சொன்னீங்க. மதுரைக்காரன் மேட்ச்சுல தூங்குனானே ஒருத்தன், அந்த மாதிரி ஆள நடுவுல நிறுத்தாதீங்கன்னும் சொல்லிருக்கலாம்ல" என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஜனத்துக்கு அவன் தூங்கினவன்தான். நான் அந்தப் பெரியவரிடம் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

மறுவாரம் காலைப் பேருந்தில் சிறுமலைக்குப் போனேன். சவரி வீட்டு முன்னால் சாக்கு விரித்து மிளகைக் காயப்போட்டுக் கையால் கிளறிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஏலே, மாப்ள! இம்புட்டு தூரம் எப்புடி வந்த? லூர்து, யாரு வந்துருக்கான்னு பாரு."

லூர்து காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வாழை விலை, மழை, பிள்ளைகள் என்று பேசினோம். பேத்தி திண்டுக்கல்லில் படிக்கிறாளாம். அவன் நிம்மதியாகத்தான் இருந்தான். அதைப் பார்த்தும் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சவரி, அந்த மதுரை மேட்ச்சுல அவன் ஓடி வந்தத நான் பார்த்தேன். வேணும்னுதான் சத்தம் குடுக்கல."

மிளகைக் கிளறிய கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அப்பவே. தண்ணி குடிக்கையில உன் மூஞ்சியப் பாத்தேன்ல. இவனுக்கு மனசு சரியில்ல, இவன் பக்கமா ரெண்டடி தள்ளி நிக்கணும்னு தோணுச்சு. நிக்கல. சத்தம் வரும்னு இருந்துட்டேன். பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன ஆச்சுன்னு பாக்குறதுதான மாப்ள என் வேலை? பாத்தும் நகராம நின்னேன். அது என் தப்பு."

"உன் தப்பு இல்லடா! என் தப்பு!" கத்திவிட்டேன். லூர்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். சவரி அவளை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தான்.

"உனக்குக் கோவமே இல்லையா?"

"இல்லாம? மில்லு வழியாப் போற பஸ்ஸுல ரெண்டு வருசம் ஏறல. சுத்திப் போவேன். உன் பேரச் சொன்னா லூர்து பாத்திரத்தத் தூக்கி வீசுவா. இம்புட்டு நேரம் உள்ள என்ன செய்றான்னு நினைக்கிற? உன்னைய அடிக்க விறகுக் கட்டை தேடிக்கிட்டு இருப்பா." சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஏன்டா சார்கிட்ட சொல்லல? கோனை நகத்தி வச்சு அவரே கேட்டாரே. ஒரு வார்த்தை சொல்லிருந்தா எல்லாம் மாறியிருக்கும்ல."

"சொன்னா உன்னைய அன்னைக்கே வெளிய அனுப்பிருப்பாரு."

"அனுப்பட்டுமே."

"ஞாயித்துக்கெழமை மேட்ச் இருந்துச்சுல்ல. உன்னைய அனுப்பிட்டு வலது பக்கத்துல யார நிறுத்துறது? வேற ஆளு ஏது?"

"அந்த மேட்ச்சுல உன்னைய வெளிய உக்கார வச்சாங்கடா."

"அது எனக்கு எப்புடித் தெரியும்? நான் ஆடுவேன்னுதான் நினைச்சேன்." அவன் ஒரு மிளகை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தான். "செத்த நேரம் இரு. சோறு வெந்துருக்கும். வெஞ்சனம் ஒண்ணுமில்ல, வாழைக்காய்தான். சாப்ட்டுப் போ."

சாப்பிட்டேன். லூர்து என் பக்கம் பார்க்காமலே பரிமாறினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, இந்த வீட்டில் ஒருவராவது என்னை மன்னிக்கவில்லை என்று. மாலைப் பேருந்து வரும் வரைக்கும் சவரி சாலையில் கூடவே நின்றான். கொஞ்சம் மிளகைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தான்.

பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு மனது லேசாக வேண்டுமல்லவா, ஆகவில்லை. முப்பது வருடம் நான் சுமந்த குற்றம் ஒன்றுதான் என்னிடம் எனக்கே எனக்கென்று இருந்தது. அதிலும் பாதியை அவன் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான். பொறாமையாக இருந்தது. முதல் நாள் அவன் நடுக் கோனுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது எரிந்த அதே வயிறு எரிந்தது.

அந்தச் சாப்பாட்டு அறையில், சென்னை வேலை கைவிட்டுப் போன மறுநாள், அதைப் பறித்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, சவரி யோசித்தது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வலது பக்கம் காலியாகிவிடுமே என்பதைத்தான். நான் அந்த ஐந்து வருடமும் யோசித்தது அவனை மட்டும்தான்.